முள்கரண்டி தராத கடை

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், தலைநகர் ஆஸ்டினிலிருந்து தெற்கே 30 மைல் போனால் லாக்ஹார்ட் என்று ஒரு சின்ன ஊர் வரும். ஊருக்கு நடுவே 1894-ல் கட்டிய கோர்ட் கட்டிடம். கோபுரம், மாடம், கடிகாரம் என்று அந்தச் சின்ன ஊருக்கு அது கொஞ்சம் அதிகப்படி. சுற்றிலும் நாலு தெருவில் பழைய கடைகள். ஊர்ப் பெயர் ஒரு சர்வேயருடையது என்பதை நம் சிவில் நண்பர்களின் காதில் போட்டு வைக்கிறேன். பைர்ட் லாக்ஹார்ட் என்ற அந்த மனிதர் நிலம் அளந்தார், பாதை போட்டார். அதற்கு ஈடாகக் கிடைத்த நிலத்தில்தான் பிறகு இந்த ஊர் எழும்பியது. சர்வே செய்தவனுக்கு ஊரே கிடைத்த காலம் அது. இப்போது பில் பாஸ் ஆனால் போதும் என்று இருக்கிறோம்!

மலர்க்குழுவினர் "ஏதாவது டெக்னிக்கலாக எழுதுங்களேன்" என்றுதான் கேட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி. கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் வெப்ப இயக்கவியலும் உண்டு, கொஞ்சம் சரித்திரமும் உண்டு, ஒரு பாகப்பிரிவினையும் உண்டு.

லாக்ஹார்ட்டுக்குப் பார்பெக்யூவால்தான் பெயர். பெரிய இறைச்சித் துண்டுகளை நெருப்பில் நேராகக் காட்டாமல், விறகுப் புகையிலும் அனலிலும் மணிக்கணக்காக வேக வைக்கும் முறை அது. 1999-ல் டெக்ஸஸ் சட்டமன்றத்தின் கீழ்சபை இந்த ஊரை மாநிலத்தின் பார்பெக்யூ தலைநகரம் என்று தீர்மானமே போட்டது. ஊரில் பேர்பெற்ற கடைகள் பல இருந்தாலும் என் கதை ஒரே ஒரு கட்டிடத்தைப் பற்றியது. 1900-ல் சார்லஸ் க்ரைட்ஸ் என்பவர் தொடங்கிய இறைச்சிக் கடையும் மளிகைக் கடையும் அங்கேதான் நடந்தன. (எழுத்தைப் பார்த்தால் 'க்ரூஸ்' என்று படிக்கத் தோன்றும். உள்ளூரில் 'க்ரைட்ஸ்' என்றுதான் சொல்லுகிறார்கள்.) இன்று நிற்கும் செங்கல் கட்டிடம் 1924-ல் எழுந்தது. வாசலில் இப்போது தொங்கும் பெயர் ஸ்மிட்டிஸ் மார்க்கெட். பெயர் ஏன் மாறியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் பேட்ச் நண்பன் ஒருவன் ஆஸ்டினில் இருக்கிறான். ஆபீஸ் வேலையாகப் போனபோது ஒரு சனிக்கிழமை காரில் அழைத்துப் போனான். அவன் சுத்த சைவம் என்பது ஹாஸ்டலில் அவனோடு இருந்தவர்களுக்குத் தெரியும். "நீ சாப்பிடு, நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்று வந்தவன் அவன்.

கார் நிறுத்தும் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது நெருப்பு. அடுப்புக்குள் இருக்கும் நெருப்பு அல்ல, தரையில் எரியும் நெருப்பு! வரிசையில் நிற்பவர்களின் காலுக்குச் சில அடி தூரத்தில் கட்டை எரிந்துகொண்டிருக்கிறது. தடுப்பு கிடுப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. நம் ஊர் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பார்த்தால் அங்கேயே நோட்டீஸ் ஒட்டிவிடுவார். சுவர், கூரை, விட்டம் எல்லாம் கரி. பெயிண்ட் அடித்த கறுப்பு இல்லை, நூறு வருஷப் புகை படிந்த கறுப்பு. சட்டையில் ஏறிய அந்த வாசனை இரண்டு சலவைக்குப் பிறகுதான் போனது.

அடுப்புக்குப் பக்கத்திலேயே கல்லா. ராத்தல் கணக்கில் எடை போட்டுக் கேட்க வேண்டும். ஒரு ராத்தல் நம் கணக்கில் 450 கிராம் சொச்சம். கடைக்காரர் இரும்பு மூடியைத் தூக்கி, கறியை எடுத்து, மரக்கட்டையில் வைத்து வெட்டி, தராசில் போட்டு, கசாப்புக் கடையில் மடிக்கும் பழுப்புத் தாளில் வைத்துக் கையில் கொடுத்துவிடுகிறார். தட்டு இல்லை. முள்கரண்டி இல்லை. கூடவே ரொட்டித் துண்டோ உப்பு பிஸ்கட்டோ தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போக வேண்டும். குடிக்கவும் தொட்டுக்கொள்ளவும் ஏதாவது வேண்டுமென்றால் அங்கே இன்னொரு கவுண்டர், இன்னொரு வரிசை.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு க்யூவா? எந்த மடையன் போட்ட லேஅவுட் இது என்று நினைத்தேன். யோசித்தால் விஷயம் புரிகிறது. சாப்பாட்டுக் கடை நடத்த யாரும் போட்ட லேஅவுட்டே இல்லை அது. ஒரு பக்கம் கசாப்புக் கடை, மறுபக்கம் மளிகைக் கடை. கறியை அங்கே வாங்கி, பிஸ்கட்டும் வெங்காயமும் ஊறுகாயும் இங்கே வாங்கி, ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள் மக்கள். நாளடைவில் சாப்பாடே முக்கிய வியாபாரமாகிவிட்டது. கடை மாறிவிட்டது, சுவர் மாறவில்லை. அந்தச் சுவரைத்தான் நாம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டு போகிறோம்.

நூறு வருஷத்துக்கு முன் ஒரு சின்ன ஊர்க் கசாப்புக்காரரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். முழு மாட்டை வாங்கி அறுக்கிறார். குளிர்சாதன வசதி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. டெக்ஸஸ் வெயிலோ நம் வேலூர் வெயிலுக்குத் தம்பி. மெத்தென்ற பாகங்கள் காலையிலேயே விற்றுப் போகும். தோள்பட்டை, நெஞ்சு போன்ற முன்பாகங்கள் கடினமானவை, அவற்றை யாரும் சீக்கிரம் கேட்கமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் அவை காசாகாவிட்டால் நஷ்டம். அதனால் புகையில் போட்டார். வெட்டிய துணுக்குகளும் கொழுப்பும் மிஞ்சினால் அரைத்துக் குடலில் அடைத்து சாசேஜ் ஆக்கினார். 1840-களிலிருந்து மத்திய டெக்ஸஸில் குடியேறிய ஜெர்மானியர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்த செக் நாட்டவரும் புகை போட்ட சாசேஜைத் தங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தவர்கள். ஆக, இன்று உலகமெல்லாம் கொண்டாடும் பிரிஸ்கெட் ஆரம்பத்தில் விற்காத சரக்கு! ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி மிஞ்சிய இட்லி காலையில் உப்புமாவாக வந்து நின்றதே, ஞாபகமிருக்கிறதா?

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். ஜெர்மானியக் கசாப்புக்காரர், சிக்கனம், சாசேஜ், சுபம். ஆனால் வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார் என்று கேட்டால்தான் சரித்திரம் தொடங்குகிறது.

லாக்ஹார்ட்டைச் சுற்றிப் பருத்தி வயல்கள். பருத்தி எடுக்க இயந்திரம் பரவலாக வருவதற்கு முன், அதாவது சுமார் இரண்டாம் உலகப் போர் வரை, எல்லாம் கையால்தான். சீசனில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், மெக்ஸிகோ வழி மக்கள். டெக்ஸஸில் அடிமை முறை முடிந்ததாக அறிவிப்பு வந்தது 1865 ஜூன் 19-ல். ஆனால் அதன் பிறகு நூறு வருஷத்துக்கு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை மட்டும் வரவில்லை. வெள்ளையர் ஓட்டல்களில் இவர்களுக்கு இடம் கிடையாது. கசாப்புக் கடையில் அப்படி இல்லை. காசு கொடுத்தால் கறி. சுடச்சுட வாங்கி, தாளிலேயே விரித்து, கடைக்குப் பின்னாலோ வண்டியடியிலோ கையால் சாப்பிட்டுவிட்டு வயலுக்குத் திரும்பலாம். பின்வாசல் என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்?

இறைச்சியைக் குழி வெட்டிப் புகையில் வேக வைக்கும் தெற்கத்திக் கலையும் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த சமையற்காரர்களின் கையில் வளர்ந்ததுதான். 'பார்பெக்யூ' என்ற சொல் அவர்களுக்கும் முந்தியது. கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளிடமிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்ட 'பார்பகோவா'விலிருந்து வந்தது என்கிறார்கள். ஒரு துண்டுக் கறிக்குள் எத்தனை பேர்!

இந்தப் பின்வாசல் விவகாரம் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போனது. அதுவும் ஒரு பார்பெக்யூ கடையின் பெயரால். லாக்ஹார்ட் கடை அல்ல, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் இருந்த ஆலீஸ் பார்பெக்யூ. 220 பேர் உட்காரும் கடை. அங்கே வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். ஆனால் கறுப்பின வாடிக்கையாளருக்குப் பார்சல் மட்டும்தான், நாற்காலி கிடையாது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 'எங்களது உள்ளூர் வியாபாரம், மத்திய அரசு எப்படித் தலையிடலாம்' என்பது வாதம். நீதிமன்றம் கடையின் கணக்கைப் பார்த்தது. முந்தைய ஆண்டில் வாங்கிய சாமான் சுமார் 1,50,000 டாலர். அதில் 69,683 டாலருக்கு, அதாவது 46 சதவீதம், வெளி மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. மாநிலம் தாண்டிய வணிகத்தோடு சம்பந்தம் இருப்பதால் சட்டம் செல்லும் என்று 1964 டிசம்பர் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நாற்காலியில் உட்காரும் உரிமை மாட்டுக்கறியின் கொள்முதல் பில்லை வைத்து நிலைநாட்டப்பட்டது! சட்டத்தின் வழி சில சமயம் விசித்திரம். நல்ல வழிதான், குறை சொல்லவில்லை.

திரும்ப லாக்ஹார்ட்டுக்கு வருவோம். தட்டும் முள்கரண்டியும் தராமல் இருப்பதை இன்று எல்லோரும் ரசிக்கிறோம். படம் பிடிக்கிறோம். "அடடா, எவ்வளவு எளிமை!" எனக்கு அந்த எளிமை என்ற வார்த்தையில்தான் சந்தேகம். எளிமை என்பது ஒருவர் விரும்பி ஏற்பது. இது நாற்காலி மறுக்கப்பட்டவர்களும் அவசரக் கூலிகளும் சாப்பிட்ட முறை. பழைய கூடத்தில் சுவரோரமாக நீளப் பலகைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றில் கத்திகளைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பொதுக் கத்தி. நம் போஸ்ட் ஆபீஸ் பேனாவைக் கயிற்றில் கட்டி வைப்பார்களே, அந்த மாதிரி. வந்தவனை எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதற்கு அந்தச் சங்கிலி சாட்சி.

இனி அடுப்புக்கு வருகிறேன். மெக்கானிக்கல் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். மற்றவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம், தவறில்லை.

அடுப்பு என்பது இடுப்பளவு உயரத்தில் செங்கல்லால் கட்டிய நீளத் தொட்டி. ஒரு முனையில், தொட்டிக்கு வெளியே, தரையில் நெருப்பு. மறுமுனையில் புகைபோக்கி. புகைபோக்கிக்குள் சூடான காற்று மேலே ஏற ஏற, இந்த முனையிலிருந்து அனலும் புகையும் தொட்டிக்குள் இழுபடுகின்றன. மேலே கம்பிச் சட்டத்தில் கறி, அதன்மேல் இரும்பு மூடி. ப்ளோயர் இல்லை, தெர்மோஸ்டாட் இல்லை. கட்டையைத் தள்ளுவது, இழுப்பது, மூடியைத் திறப்பது, அடைப்பது, இவ்வளவுதான் கன்ட்ரோல் சிஸ்டம். நெருப்புக்கு அருகே சூடு அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. கறியை இடம் மாற்றி மாற்றி வைத்தே வேண்டிய சூட்டைப் பிடிக்கிறார்கள். விறகு போஸ்ட் ஓக் என்ற மரம். அந்த வட்டாரத்தில் தாராளமாக விளைவது, நிதானமாக எரிவது.

கடினமான கறி ஏன் மெத்தென்று ஆகிறது? அதில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் நிறைய. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் வைத்திருந்தால் அது கரைந்து ஜெலட்டின் ஆகிறது. அவசரப்பட்டால் நார் நாராக நிற்கும். நடுவில் ஒரு வேடிக்கை உண்டு. கறியின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே வந்து 65, 70 டிகிரி பக்கம் அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் நகராது. புதிதாகச் செய்பவர்கள் பதறிப்போய் விறகை அள்ளிப் போடுவார்கள். காரணம் வேறொன்றுமில்லை, மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது, வருகிற சூட்டையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்கிறது. ஈரம் வற்றிய பிறகு மறுபடி ஏறும். நாம் வெட் பல்ப் தெர்மாமீட்டர் படித்தது தேர்வுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அடுப்பு பார்க்கும் அந்த ஆட்களுக்கு இந்தப் பெயரெல்லாம் அவசியமில்லை. கையால் அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

ருசி? உப்பு, மிளகு, கொஞ்சம் மிளகாய்ப்பொடி, புகை. அவ்வளவே. ஓரத்தில் கருகிய தோல் மாதிரி ஒரு பட்டை, அதற்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. வேகாத கறி என்று பயப்பட வேண்டாம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு கறியின் நிறமியோடு சேர்ந்து பிடிக்கும் நிறம் அது. முதல் வாய் வைத்ததும் பேச்சே நின்றுவிட்டது. நம் சைவ நண்பனும் பட்டினி இல்லை. சீஸ், வெண்ணெய்ப்பழம், வெங்காயம், உப்பு பிஸ்கட் என்று அவனும் தன் பழுப்புத் தாளை நிரப்பிக்கொண்டான். "மளிகைக் கடைப் பக்கம் என் கட்சி" என்றான்.

இப்போது பாகப்பிரிவினை. 1930-களில் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் எட்கர் ஷ்மிட். எல்லோரும் அழைத்தது 'ஸ்மிட்டி' என்று. 1948-ல் க்ரைட்ஸ் குடும்பத்திடமிருந்து அவரே கடையை வாங்கினார். பெயரை மாற்றவில்லை. 1984-ல் வியாபாரத்தை மகன்கள் ரிக், டான் இருவருக்கும் விற்றார். 1990-ல் அவர் காலமானபோது கட்டிடம் மகள் நீனாவுக்குப் போனது. வியாபாரமும் கடைப் பெயரும் ஆண் பிள்ளைகளுக்கு, சுவரும் அடுப்பும் பெண்ணுக்கு. எந்தக் குடும்பமாக இருந்தாலும் இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. 1990-களின் கடைசியில் டான் ஓய்வு பெற்றார். குத்தகையைப் புதுப்பிப்பதில் அண்ணன் ரிக்குக்கும் தங்கைக்கும் ஒத்துவரவில்லை. பத்திரிகைகள் குடும்பச் சண்டை என்று பெரிதாக எழுதின.

ரிக் ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் நெடுஞ்சாலையோரம் பெரிதாகப் புதுக் கட்டிடம் கட்டினார். புது அடுப்புகள், அதே முறை. ஒன்று மட்டும் புதிதாகச் செய்ய முடியாதே! 1999 செப்டம்பர் 1 அன்று பழைய அடுப்பிலிருந்து கங்குகளை ஒரு தகரத் தொட்டியில் அள்ளி, தெரு வழியாக இழுத்துக்கொண்டே போய்ப் புது அடுப்பில் போட்டார்கள். கேமராக்கள் சூழ்ந்து நின்றன. விளம்பரம் என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கட்டுமே. குடி பெயரும்போது பழைய அடுப்பின் நெருப்பைக் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்கிறது, எனக்கு அது போதும். அங்கே சுவரில் நெடுங்காலம் இருந்த விதி: சாஸ் கிடையாது, முள்கரண்டி கிடையாது. பின்னாளில் கேட்பவர்களுக்காக சாஸும் வந்துவிட்டது.

நீனா காலிக் கட்டிடத்தைப் பூட்டி வைக்கவில்லை. அதே 1999-ல் அதே அடுப்பில் நெருப்பு மூட்டி, அப்பாவின் செல்லப் பெயரில் ஸ்மிட்டிஸ் மார்க்கெட் என்று கடை திறந்தார். அண்ணனிடம் கடையின் பெயர், தங்கையிடம் அப்பாவின் பெயர்.

பழைய கடை எது? பெயர் இருக்கும் இடமா, சுவர் இருக்கும் இடமா, நெருப்பு போன இடமா? திரும்பி வரும்போது காரில் நாங்கள் இருவரும் ஆஸ்டின் எல்லை வரை இதையே பேசினோம். நண்பன் பெயர்தான் என்றான். பெயர் போனால் ஞாபகமும் போய்விடும் என்பது அவன் கட்சி. நான் சுவர் பக்கம். இரண்டு க்யூ நிற்க வைக்கும் அந்தச் சுவரையும், சங்கிலி கிடந்த பலகையையும் தொட்டியில் அள்ளிக்கொண்டு போக முடியாது. பருத்தி எடுத்த கூலிகள் அந்தக் கடையைக் கட்டிக் காத்ததற்குப் பெயர்ப்பலகையில் இடமில்லை. இருக்கிற அடையாளம் அந்தக் கட்டிடத்தின் அமைப்பில்தான் இருக்கிறது. நம் கல்லூரியிலும் பழைய பிளாக்கை இடித்துப் புதிது கட்டலாமா என்று பேச்சு எழும்போது மற்றவர்கள் எந்தப் பக்கம் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். பூட்டாத அந்தப் பின் கேட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்டின் பக்கம் வந்தால் 183-ம் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே வாருங்கள். மதியம் முற்றுவதற்கு முன் போய்விடுங்கள், நல்ல துண்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் பழைய கட்டிடம், பிறகு க்ரைட்ஸ். இரண்டிலும் அரை ராத்தலுக்கு மேல் கேட்காதீர்கள், இரண்டாவது கடையில் வயிறு காலை வாரிவிடும். நல்ல சட்டை வேண்டாம். பழைய கட்டிடத்தில் வரிசையில் நிற்கும்போது குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நெருப்பு நிஜமாகவே காலடியில்தான் இருக்கிறது.